‘ஸ்ரீவைகுண்டம்’ என்று தட்டினால் நூலகக் கணினி ‘இல்லை’ என்கிறதே, ஏன்?

பொருநைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முப்பது வருடம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நெல்லையில் ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள், அங்கிருப்பவர்கள் நல்லவர்கள். ஸ்ரீவைகுண்டம் கோயிலைப் பற்றி ஒரு தலவரலாற்றுப் புத்தகம் வேண்டியிருந்தது. வாசலில் வாசகர்களுக்காக ஒரு கணினி வைத்திருக்கிறார்கள். தட்டினேன். ‘முடிவுகள்: 0’ என்றது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி தட்டினேன். மறுபடியும் பூஜ்யம்.

மேசையில் இருந்த நூலகர் அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “இரண்டாவது அறை, ஜன்னல் பக்கம், கீழிருந்து இரண்டாவது தட்டு. பச்சை அட்டை, முதுகு கிழிந்திருக்கும்” என்றார். போய்ப் பார்த்தால் இருந்தது. முதுகும் கிழிந்துதான் இருந்தது.

நான் கணினிக்கு எதிரி இல்லை. கால்டுவெல் 1881ல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றை, கோவில்பட்டிக்கும் நெல்லைக்கும் இடையில் ரயிலில் உட்கார்ந்தபடி கைபேசியில் புரட்டியவன். உலகத்தின் மறுமுனையில் இருக்கும் புத்தகம் கைக்கு வருகிறது, பத்தடி தள்ளி இருக்கும் புத்தகம் ‘இல்லை’ என்று வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சென்னைக்குப்போனநெல்லை

அண்ணாச்சி, கேள்வியே பழசு. எதற்கு நூலகம்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் இலக்கியங்களை இலவசமாகத் தருகிறது. பஸ் டிக்கெட் காசில் ஒரு வார இணையத்துக்கே பணம் கட்டிவிடலாம்.

---

பொருநைக்கரையான்

தம்பி, நான் தேடிய பச்சை அட்டைப் புத்தகம் அதிலெல்லாம் இல்லை. பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

---

குறியீட்டுக்காரன்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்ரீ’ என்ற எழுத்தைக் கணினி ஒரே எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. ஸ, அதன்மேல் புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு குறியீடுகளாக வைத்துக்கொள்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. 2005ல் வந்த அதன் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்தது. அதற்குப் பிறகு சில விசைப்பலகைகள் ‘ஸ்ரீ’யை அந்த ‘ஶ’வில் தொடங்கி எழுதுகின்றன, சில பழைய ‘ஸ’விலேயே தொடங்குகின்றன. திரையில் இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பட்டியலில் உள்ளிட்டவர் ஒரு வகையில் அடித்திருப்பார், நீங்கள் இன்னொரு வகையில் தட்டியிருப்பீர்கள். ஸ்ரீவைகுண்டமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிற சீமையில் இது சின்னக் கோளாறு இல்லை.

இதைவிட விஷமமானது கொகரம். ‘கொ’வை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் அடிக்கலாம். கொக்கிரகுளம் இரண்டு ஊராகிவிடும். ஆனால் இதற்கு மருந்து உண்டு. யூனிகோடு விதிப்படி இவை இரண்டும் சமம். தேடுபொறி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் போதும். ‘ஸ்ரீ’க்கு அந்தச் சமவிதி இல்லை. நாமாக ஒரு விதி எழுதிச் சேர்க்க வேண்டும். ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுத ஆள் இல்லை.

---

குரூப்நான்கு

ஔவையாரை விட்டுவிட்டீர்களே. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் அடிப்பவர்கள்தான் அதிகம். ‘அவ்வை’ என்று எழுதுபவர்கள் வேறு. வினாத்தாள் தொகுப்பில் தேடித்தேடி வெறுத்துப்போன அனுபவம்.

---

தேதிச்சீட்டு

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்புற நூலகத்தில் தொடங்கி, கிளை நூலகம், பிறகு பெரிய நூலகம். தம்பி குறியீட்டுக்காரன் சொன்னது சரி. ஆனால் பூஜ்யம் வந்ததற்கு அது பாதிக் காரணம்தான்.

அட்டைப் பெட்டிகள் இருந்த காலம் நினைவிருக்கிறதா? தேக்கு மரத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் பித்தளைச் சட்டம், உள்ளே அட்டைகள் சிதறாமல் துளையில் கோத்த கம்பி. ஒரு புத்தகம் வந்தால் ஒரு அட்டை எழுதிவிட்டு எழுந்துவிட முடியாது. ஆசிரியருக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. இவை தவிர, புத்தகமே இல்லாத அட்டைகளும் எழுதுவோம். ‘விருத்தாசலம், சொ. பார்க்க: புதுமைப்பித்தன்.’ அவ்வளவுதான் இருக்கும். ‘திருவைகுண்டம். பார்க்க: ஸ்ரீவைகுண்டம்.’ ‘டின்னவேலி. பார்க்க: திருநெல்வேலி.’ நாங்கள் இதைப் ‘பார்க்க அட்டை’ என்போம். வாசகர் எந்த வாசலில் நுழைந்தாலும் சரியான அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுகிற அட்டை அது.

கணினிமயம் வந்தபோது என்ன நடந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். ஒப்பந்தத்தில் வந்த பிள்ளைகள், ஒரு பதிவுக்கு இவ்வளவு பைசா என்று கூலி. அவர்கள் உள்ளிட்டது சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து. எண், தலைப்பு, ஆசிரியர், விலை. பார்க்க அட்டைக்கு எண் கிடையாது, விலை கிடையாது. பதிவேட்டில் இல்லாததால் அது கணினிக்கும் போகவில்லை. அட்டைகள் எடைக்குப் போயின. பெட்டி ஒன்று ஓர் அதிகாரி வீட்டில் திருகாணி போட்டு வைக்கப் பயன்படுவதாகக் கேள்வி.

உங்கள் நூலகர் அம்மா இருக்கிறாரே, அவர் தலைக்குள் இருப்பது அந்த எடைக்குப் போன அட்டைகள்தான்.

---

பொருநைக்கரையான்

ஐயா, நீங்கள் சொன்ன ‘திருவைகுண்டம்’ என்று இன்று காலை தட்டிப் பார்த்தேன். இரண்டு புத்தகம் வந்தது. பச்சை அட்டையும் அதில் ஒன்று. அட்டையில் ‘திரு’ என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள், முதல்நாள் நான் கவனிக்கவே இல்லை.

---

அம்பைவாசகி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். தேதிச்சீட்டு ஐயா சொன்ன பார்க்க அட்டையை மென்பொருளிலும் வைக்க முடியும். யாரும் வைப்பதில்லை, அதுதான் வருத்தம்.

நாங்கள் பயன்படுத்துவது கோஹா என்ற நூலக மென்பொருள். அதன் பிறப்பே சுவையான கதை. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற ஊர்ப்பக்கத்து நூலகத்தார், 2000ஆம் ஆண்டு பிறந்தால் தங்கள் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்று பயந்து, 1999ல் புதிதாக ஒன்றைச் செய்வித்தார்கள். 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. செய்ததை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரிகளில் அது ஓடுகிறது.

இலவசம் என்பதால் எல்லாம் தானாக நடக்கும் என்று நிர்வாகம் நினைத்துக்கொள்கிறது. எங்கள் கல்லூரியில் நிறுவித் தந்தவர்கள் தேடுபொறியை ஆங்கில எழுத்துகளுக்கான அமைப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தமிழுக்கு ஐசியூ என்ற அமைப்பை மாற்றிப் போட வேண்டும். அது தெரியாமல் ஒரு வருடம், “கணினிக்குத் தமிழ் வராது” என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு பெயர்கள். ‘ராமசாமி’யா ‘இராமசாமி’யா? ஒருவரே ஒரு புத்தகத்தில் இப்படியும் அடுத்ததில் அப்படியும் அச்சிட்டுக்கொள்கிறார். மேல்நாட்டு விதிப்படி குடும்பப் பெயரை முன்னால் போடு என்கிறது மென்பொருள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது தலைப்பெழுத்து. அதை முன்னால் போட்டுவிட்டால் ‘மு’ என்ற எழுத்தின்கீழ் ஊர்ப்பட்ட ஆசிரியர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். நூல் விவரங்களைக் கணினியில் எழுதிவைக்கும் ‘மார்க்’ என்ற பதிவு முறையில் மாற்றுத் தலைப்புக்கு 246 என்று ஒரு புலம் இருக்கிறது. ஆசிரியரின் மாற்றுப் பெயர்களுக்குத் தனிப் பதிவே வைத்துக்கொள்ளலாம். மூன்று கோடை விடுமுறையாக அதைத்தான் செய்துவருகிறேன். பாதிக்கூட முடியவில்லை.

இன்னொன்று. ‘பட்டைக்குறியைக் காட்டினால் விவரம் தானாக வந்து விழும்’ என்பார்கள். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் உள்ள ஆங்கிலப் புத்தகத்துக்கு அது பெரும்பாலும் உண்மை. பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த எண்ணே கிடையாது. உட்கார்ந்து அடித்தால்தான் உண்டு.

---

குரூப்நான்கு

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் தினமும் காலை எட்டு மணிக்கு நூலகத்துக்குப் போகிறவன். நூலகத்துப் புத்தகம் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. என் புத்தகத்தை நானே கொண்டுபோகிறேன். எனக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, கைபேசியைச் செருக ஒரு பிளக், கழிப்பறை. வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர். தேர்வாணையத் தேர்வுக்கு அங்கே உட்கார்ந்து எப்படிப் படிப்பது? எங்கள் வாசிப்பறையில் இருபது பேருக்கு இரண்டு பிளக். முறை வைத்துச் செருகுகிறோம். நீங்கள் ‘ஸ’வா ‘ஶ’வா என்று சண்டை போடுகிறீர்கள்.

---

தேதிச்சீட்டு

சண்டை இல்லை தம்பி, நீயும் அதே இடத்துக்குத்தான் வருகிறாய். நூலகத்தின் கணக்கு எப்படி எழுதப்படுகிறது தெரியுமா? ‘இன்று வழங்கிய நூல்கள்: இத்தனை.’ நீ பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாய். வழங்கிய நூல் கணக்கில் நீ பூஜ்யம். வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். உன் இரண்டு பிளக்கை நான்காக்க வேண்டும் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்று நூலகவியல் அறிஞர் அரங்கநாதன் 1931லேயே விதியாக எழுதிவைத்தார். பிளக்குக்கு வரிசையில் நிற்பதும் வாசகரின் நேரம்தான். வாசகர் வட்டக் கூட்டத்தில் எழுதிக்கொடு. வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்றை உன் அப்பாவும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

---

கேட்டுப்படிப்பவன்

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. பள்ளியில் பிரெய்ல் படித்தேன், இப்போது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் எனக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறது. இந்த இழையையும் அதுதான் வாசித்தது. ‘ஸ’, ‘ஶ’ விவாதம் என் காதுக்கு எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மின்னூலகம் இருக்கும்போது நூலகம் எதற்கு என்று சென்னை நண்பர் கேட்டார். மின்னூலகத்தில் இருப்பதில் பெரும்பகுதி பக்கத்தைப் படம் பிடித்த கோப்பு. உங்களுக்கு அது புத்தகம், எனக்கு அது சுவர். படத்துக்குள் எழுத்து இருப்பது என் கருவிக்குத் தெரியாது. எழுத்துணரியில் போட்டு உரையாக்க வேண்டும். புதிய அச்சு என்றால் ஓரளவு தேறிவிடுகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால், துதிக்கை வைத்த பழைய ‘லை’யையும் ‘னை’யையும் கண்டு எழுத்துணரி மிரள்கிறது. ‘யானை’ ஒருமுறை எனக்கு ‘யாண’ என்று வந்தது. துதிக்கையைத் தின்றுவிட்டது போலும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற 2012 திருத்தத்திலேயே பதிப்புரிமைச் சட்டம் வழிவிட்டுவிட்டது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014ல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் என் ஊர் நூலகத்தில் போய், “இந்தப் புத்தகத்தை உரையாக்கித் தாருங்கள்” என்றால், யார் செய்வது, எந்தக் கருவியில் செய்வது என்று தெரியாமல் பாவம், எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

---

குறியீட்டுக்காரன்

அண்ணன், பழைய ‘னை’, ‘லை’ உள்ள பக்கங்கள் சில நூறு கிடைத்தால் எழுத்துணரிக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். டெசராக்ட் திறமூல மென்பொருள், அதில் இது நடக்கும். தனிமடலில் பேசுவோம். பிழை திருத்துவது மட்டும் ஆள் வேலை.

---

ஏரல்கடைக்காரர்

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதிவேடு என்ற சொல்லைக் கண்டதும் எழுதத் தோன்றியது.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. தெரு முனையில் நாங்களே நடத்தும் ஒரு படிப்பகம் இருந்தது. கணினியைத் தரையில்தான் வைத்திருந்தோம், மேசைக்குக் கீழே, கால் படாமல் இருக்கட்டும் என்று. தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே புத்தகங்கள் ஊறிப் பெருத்துக் கதவை அடைத்துக்கொண்டிருந்தன. வழவழப்பான தாள் உள்ள மலர்கள் எல்லாம் ஒட்டி ஒரே செங்கல் ஆகிவிட்டன. சாதாரணத் தாளில் அச்சடித்தவை பரவாயில்லை. வெயிலில் போடாதே, மின்விசிறிக் காற்றில் விரித்து வை, இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும் என்று யாரோ போனில் சொன்னார்கள். மின்விசிறிக்கு மின்சாரம் எங்கே இருந்தது? பனையோலை விசிறியால் பிள்ளைகள் வீசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்த நாள்.

கணினி போனது, பட்டியலும் அதோடு போனது. பிரதி எடுத்து வைத்த தகடும் அதே மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பிழைத்தது ஒன்று. இடம் அடைக்கிறது என்று பரணில் தூக்கிப் போட்டிருந்த பழைய சேர்க்கைப் பதிவேடு. அதை வைத்துத்தான் என்னென்ன புத்தகம் இருந்தது என்றே தெரிந்துகொண்டோம்.

---

அம்பைவாசகி

அண்ணாச்சி, படிக்கும்போதே மனது கனத்துப்போனது. பிரதி ஒன்று எப்போதும் வேறு ஊரில் இருக்க வேண்டும். என் கல்லூரிப் பட்டியலின் பிரதி வாரம் ஒருமுறை வெளியூரில் உள்ள வழங்கிக் கணினிக்குப் போகிறது. உங்கள் படிப்பகத்துப் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். விருப்பம் இருந்தால் அதற்கும் இடம் வைத்துத் தருகிறேன்.

---

சென்னைக்குப்போனநெல்லை

சரி, ஒப்புக்கொள்கிறேன். படமாக இருக்கும் புத்தகத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே? ‘ஸ்ரீவைகுண்டம் பற்றி என்ன புத்தகம் இருக்கிறது’ என்று கேட்டால் அதுவே சொல்லிவிடாதா?

---

அம்பைவாசகி

சொல்லும், அழகாகச் சொல்லும். போன மாதம் முதுகலை மாணவி ஒருத்தி பத்து நூல்களின் பட்டியலோடு வந்தாள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் முறையாக இருந்தன. ஆறு கிடைத்தது. மீதி நான்கைத் தேடி ஒரு பிற்பகல் முழுவதும் அலமாரி அலமாரியாக ஏறி இறங்கினோம். பிறகுதான் உறைத்தது, அப்படி நூல்களே கிடையாது. “மேடம், ஆசிரியர் பெயர் உண்மைதானே?” என்றாள். ஆசிரியர் உண்மை, பதிப்பகம் உண்மை, புத்தகம்தான் பொய்.

ஆய்வுக்கு வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சோத்கங்கா. பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே யாருக்கும் திறந்திருக்கின்றன. நம் வட்டாரத்தைப் பற்றிய நல்ல ஆய்வேடுகளும் உண்டு. ஆய்விதழ்கள் வேறு கதை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்கள் சுமார் 6,300க்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்துவிடப்படுகின்றன. பெரிய காரியம்தான். ஆனால் பொது நூலகத்துக்கு வரும் வாசகர் அந்தக் கணக்கில் இல்லை.

---

தேதிச்சீட்டு

சென்னைத் தம்பிக்கு ஒரு வேலை சொல்கிறேன். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, கல்யாண வாழ்த்து மடல். இவை எந்த மின்னூலகத்திலும் லேசில் அகப்படாது. விற்பனைக்கு அச்சடித்தவை இல்லை, எண் இல்லை, பதிப்பகம் இல்லை. ஊர் நூலகத்தின் மூலையில் கயிறு கட்டிக் கிடக்கும். நெல்லைச் சீமையின் வரலாறு பாதி அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. கைபேசியில் படம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு கட்டை அவிழ்த்தால் போதும். பதிப்புரிமை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பது நம் நாட்டுக் கணக்கு. மலர்களில் அனுமதி கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கூடவே இன்னும் நான்கு பிரதியும் தலையில் கட்டுவார்கள்.

---

பொருநைக்கரையான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த நூலகர் அம்மாவிடம் இந்த இழையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முழுவதும் படித்தார். பார்க்க அட்டை வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். வரும் மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறாராம்.

இப்போது செவ்வாய்தோறும் நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு போகிறேன். அவர் அலமாரி அலமாரியாக நடக்கிறார், நான் பின்னாலேயே எழுதிக்கொண்டு போகிறேன். ‘இந்தப் புத்தகத்தை வாசகர்கள் இப்படித்தான் கேட்பார்கள்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறார். ஒன்றைத் தலைப்புச் சொல்லி யாரும் கேட்டதே இல்லையாம், ‘நீலக்கலர் சித்த மருத்துவம்’ என்றுதான் கேட்பார்களாம். அதையும் எழுதிக்கொண்டேன். குறியீட்டுக்காரத் தம்பி ‘ஸ்ரீ’க்கான அந்த ஒரு வரியை எழுதித் தந்தார், அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். குரூப்நான்கு தம்பியையும் அங்கே பார்த்தேன். பிளக் இன்னும் இரண்டுதான். ஆனால் எங்கிருந்தோ ஒரு நீட்டுக் கம்பிப் பலகை வந்திருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெயர் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்று இங்கே எழுதுங்கள். நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

---

கேட்டுப்படிப்பவன்

பாளையங்கோட்டை, பாளையம்கோட்டை, பாளயங்கோட்டை, பாளை. கடைசியை மட்டும் தட்டிவிடாதீர்கள் அண்ணாச்சி, தென்னை வளர்ப்பு வந்து நிற்கும்.

---

பொருநைக்கரையான்

எழுதிக்கொண்டேன்.